அனுபவப் பகிர்வு: நம் கத்தோலிக்க விசுவாசத்தைப் பற்றிக் கேட்பவருக்கு எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது

வேதியர்:
கேள்வி தானாக வரும் நாள், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலைப் பார்த்ததும் வேலையிடத்தில் யாராவது "என்ன இது?" என்பார்கள். மூன்று வாக்கியம் போதும். முன்பு குருத்து ஞாயிறன்று (ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு) மந்திரித்த ஓலைகளை எரித்த சாம்பல் இது. பூசும்போது குரு "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்" என்பார். இன்றிலிருந்து உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) ஆயத்தம் செய்கிறோம். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆதாமில் தொடங்கி மீட்பு வரலாறு முழுவதையும் கொட்டினால், அடுத்த ஆண்டு அவர் சாம்பலைப் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார். 1 பேதுரு 3:15-16 விளக்கம் கேட்பவருக்கு விடை சொல்லச் சொல்கிறது, அதையும் பணிவோடு, மரியாதையோடு.

"மாதாவைக் கும்பிடுகிறீர்களே, அவர் உங்கள் கடவுளா?" என்ற கேள்விக்கு யார் கேட்கிறார் என்று பார்த்துப் பதில் சொல்லுங்கள். பிற கிறிஸ்தவ சபையினர் என்றால் வசனம் எதிர்பார்ப்பார்கள்: அருள் நிறைந்த மரியே செபத்தின் முதல் பாதி லூக்கா 1:28, 1:42, பின்பாதி எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற விண்ணப்பம். கிறிஸ்தவர் அல்லாதவருக்கு வசன எண் எதுவும் சொல்லாது. அவரிடம், மாதா திருவிழா அன்றும் திருப்பலி (பூசை) கடவுளுக்கு மட்டுமே ஒப்புக்கொடுக்கப்படுகிறது, எந்தப் புனிதருக்கும் அல்ல என்று சொன்னால் வேறுபாடு உடனே பிடிபடும். விவிலிய நூல்கள் எங்கள் கணக்குப்படி 73-ஆ, பிற சபையினர் கணக்குப்படி 66-ஆ என்ற பேச்சை அவரிடம் எடுக்கவே வேண்டாம். அது அவருடைய கேள்வி அல்ல.

கோவில்பிள்ளை (ஆலயப் பணியாளர்):
விருந்தினரைத் திருப்பலிக்கு அழைத்து வருபவர்கள் சொதப்புவது ஒரே இடத்தில்: நற்கருணை (கிறிஸ்துவின் உடலாகத் தரப்படும் அப்பம்) வாங்கும் வரிசை. உள்ளே நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள், வரிசையில் நின்றபின் அல்ல. அப்பம் வாங்குபவர் சொல்லும் 'ஆமென்', இது கிறிஸ்துவின் உடல் என்று நம்புவதாகவும் இந்தத் திருஅவையோடு ஒன்றித்திருப்பதாகவும் அறிக்கையிடுவது. ஆகவே விருந்தினர் இருக்கையிலேயே இருக்கலாம், அதில் எந்த அவமதிப்பும் இல்லை. சில பங்குகளில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோவில் சமூகம்) கைகளை மார்பில் குறுக்காக வைத்து வந்து ஆசீர் பெறும் பழக்கம் உண்டு. உங்கள் பங்கில் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன் வரிசை வேண்டாம். எப்போது எழுவது என்று பின்னால் இருப்பவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். நடுவில், ஓரமாக, நீங்கள் பக்கத்தில். முழந்தாளிட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, காணிக்கையும் போட வேண்டியதில்லை. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் முறைக்கு வாரநாள் திருப்பலி நல்லது, கூட்டமும் குறைவு, நேரமும் குறைவு.

வேதியர்:
வாரநாள் விஷயத்தில் உடன்பாடில்லை. அன்று மறையுரை (பிரசங்கம்) இல்லாமலும் போகலாம். ஞாயிறன்று திருச்சட்டப்படி (திருஅவையின் சட்டம்) அது இருந்தாக வேண்டும். புதியவருக்குப் புரியும் பகுதி பெரும்பாலும் அதுதான். நற்கருணைச் சங்கடமே வேண்டாம் என்றால் நற்கருணை ஆராதனைக்கோ செபமாலைக்கோ அழைக்கலாம். செபமாலையின் ஐந்து தேவ இரகசியம் (ஐந்து பகுதிகள்) 20 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நோயாளர் சந்திப்புக் குழுவினர்:
மருத்துவமனையில் வரிசை இப்படி: முதலில் கேளுங்கள், பிறகு உட்காருங்கள், பிறகுதான் செபம். "உங்களுக்காக வேண்டிக்கொள்ளவா?" என்று கேட்டு, சரி என்றால் அவர் பெயரைச் சொல்லி ஒரு நிமிடம். வேண்டாம் என்றால் வீட்டில் போய் வேண்டிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. குணமாகும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்த வாக்கு பொய்த்தால் அந்தக் குடும்பம் உங்களை மட்டும் அல்ல, கடவுளையும் சேர்த்துத்தான் வெறுக்கும்.

ஆர்வக்கோளாறில் நடக்கும் பெரிய தவறு, மயக்கத்தில் கிடக்கும் அயலாருக்கு இரகசியமாகத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் (ஞானஸ்நானம்) கொடுப்பது. அவசர வேளையில் யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வயது வந்தவர் சாகும் தறுவாயில் இருந்தாலும், விசுவாசத்தின் முக்கிய உண்மைகளைப் பற்றி ஓரளவாவது அறிந்து, திருமுழுக்கு வேண்டும் என்ற விருப்பத்தை ஏதாவது ஒரு வகையில் தெரிவித்திருக்க வேண்டும் (திருச்சட்டம் 865). விருப்பமே இல்லாதவருக்கு ஊற்றினால் அது வெறும் தண்ணீர். நோயில்பூசுதலும் (நோயாளருக்குக் குரு எண்ணெய் பூசும் சடங்கு) திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு மட்டுமே. மற்றவர்களுக்காகக் குருவை அழைக்கலாம். அவர் செபித்து ஆசீர் அளிப்பார்.

உதவி செய்யும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். சாப்பாடும் மருந்தும் கொடுத்த கையோடு துண்டுப் பிரசுரம் நீட்டாதீர்கள். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2005-இல் எழுதிய முதல் சுற்றுமடல் அன்புப்பணி வேறொரு நோக்கத்துக்கான கருவி அல்ல என்கிறது; எப்போது கடவுளைப் பற்றிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று கிறிஸ்தவருக்குத் தெரியும் என்றும் சொல்கிறது. மேலதிகாரி தனக்குக் கீழே வேலை செய்பவரிடம் பேசுவதும் இதே கணக்குத்தான். மறுத்தால் என்ன ஆகுமோ என்று அவர் பயந்தாலே அது வற்புறுத்தல்.

புதிய உறுப்பினர்:
குருக்கள் செய்த பாலியல் குற்றங்களைப் பற்றிக் கேட்டால்?

வேதியர்:
"மற்ற இடங்களிலும் நடக்கிறது" என்று தொடங்கவே கூடாது. நடந்தது குற்றம், பாதிக்கப்பட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் முதல் பதில். 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புகார் தெரிவிக்கும் முறைகளைச் சட்டமாக்கினார். 2023-இல் அது நிரந்தரமானது. கேட்பவரே பாதிக்கப்பட்டவராக இருக்கலாம் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். அப்படியானால் விவாதம் அங்கேயே நிற்கட்டும். காவல்துறைக்கோ மறைமாவட்டத்துக்கோ போக அவர் விரும்பினால் கூடப் போங்கள்.

புகுமுக வகுப்பு நடத்துபவர்:
"நானும் சேரலாமா?" என்று ஒருவர் கேட்கும்போது நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். பங்குத்தந்தையிடம் அறிமுகப்படுத்துவது வரைதான் நம் வேலை. முதலில் விசாரித்து அறியும் காலம், பிறகு திருமுழுக்கு ஆயத்த நிலை, தவக்காலத்தில் தூய்மையாக்கும் காலம், பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒரே இரவில், அதன்பின் பாஸ்கா காலத்தில் தொடர்பயிற்சி. முந்தைய திருமணம் இருந்தால் மறைமாவட்டத்தின் திருஅவை நீதிமன்றம் ஆராய வேண்டியிருக்கும். அந்தத் தாமதத்தை முதலிலேயே சொல்லாவிட்டால் பாதியில் மனமுடைந்து விலகுவார்.

வேறு சபையில் தண்ணீரால், தந்தை மகன் தூய ஆவியார் பெயரால் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவருக்கு மறுபடி திருமுழுக்குக் கிடையாது. அவரைப் பழைய சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் நேரில் பார்த்த சாட்சி ஒருவர் போதும்.