ஒரே இடம் இரண்டு படகுக்குப் பதிவாகிறது, வித்தவுட் ஓவர்லாப்ஸ் ஏற மாட்டேன் என்கிறது. அவசரம்

மண்டபம்_கரை: ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுகள் வரிசையாகக் கரையேறும். எங்கள் பழுதுபார்க்கும் தளத்தில் ஒரு இடம் ஒரே தேதியில் இரண்டு படகுக்குப் போய்விடக் கூடாது. பதிவு டேபிளின் ப்ரைமரி கீயில் (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் கீ), காலங்கள் ஒன்றோடொன்று மோதாமல் தடுக்கும் வித்தவுட் ஓவர்லாப்ஸ் சேர்த்தால் சின்டாக்ஸ் எரர். என்ன தப்பு?

பாம்பன்காற்று: எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன்? டேபிள் எப்படி இருக்கிறது?

தொண்டி_வல்லம்: இதெல்லாம் எதற்கு? இன்சர்ட்டுக்கு முன்னால் தானாக ஓடும் ட்ரிகர் வைத்து, மோதும் பதிவு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், போதும்.

கீழக்கரை_மூத்தவர்: போதாது தம்பி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிந்தால், இன்னும் கமிட் ஆகாத (முடிவாகச் சேமிக்கப்படாத) பதிவு அடுத்தவர் ட்ரிகருக்குத் தெரியாது. இரண்டும் உள்ளே போய்விடும். கேட்டவருக்கு: ரிலீஸ் நோட்ஸ் படிக்கிற பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வித்தவுட் ஓவர்லாப்ஸ் 2025இல் வந்த வெர்ஷன் 18இல்தான் சேர்ந்தது.

மண்டபம்_கரை: போஸ்ட்கிரெஸ் 16. ஏறும் தேதி, இறங்கும் தேதி தனித்தனி.

பாம்பன்காற்று: அப்போ மோதும் பதிவுகளைத் தடுக்கும் எக்ஸ்க்ளூட் கன்ஸ்ட்ரெயின்ட் (கட்டுப்பாட்டு விதி) போடுங்கள். முதலில், ஜிஸ்ட் இன்டெக்ஸில் இட எண்ணையும் = வைத்து ஒப்பிட பிட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன். அப்புறம் எக்ஸ்க்ளூட் யூசிங் ஜிஸ்ட், இட எண்ணுக்கு =, இரண்டு தேதியையும் டேட்ரேஞ்சுக்குள் வைத்து அதற்கு &&. அது இரண்டு காலமும் மோதுகிறதா என்று பார்க்கும் குறி. டேபிளை மாற்ற வேண்டாம். ஒன்று சொல்லுங்கள்: ஒரு படகு இறங்கிய அன்றே அடுத்தது ஏறலாமா? டேட்ரேஞ்ச் கடைசி நாளைச் சேர்க்காது. ஏறக் கூடாது என்றால், கடைசி நாளும் சேர, டேட்ரேஞ்சுக்குள் இரண்டு தேதிக்கு அடுத்து மூன்றாவதாக '[]' கொடுக்க வேண்டும்.

தொண்டி_வல்லம்: && பார்த்து யாருக்குப் புரியும்? வித்தவுட் ஓவர்லாப்ஸ் படித்ததுமே புரிகிறது. டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல்லின் தரத்தில் 2011லேயே இருக்கிறது. புது கன்ஸ்ட்ரெயின்ட் எல்லாம் அப்படித்தான் எழுதப்பட வேண்டும்.

கீழக்கரை_மூத்தவர்: ரத்தான பதிவை அதில் எப்படி ஒதுக்குவாய்? எக்ஸ்க்ளூடில் வேர் (WHERE) நிபந்தனை போட்டு ஒதுக்கலாம். 2010இல், 9.0இலேயே வந்த வசதி. படிக்க அழகாக இருந்தால் போதுமா?

பாம்பன்காற்று: அண்ணே, எக்ஸ்க்ளூடை வைத்து வேறு டேபிளிலிருந்து ஃபாரின் கீ (இந்த டேபிளின் பதிவைச் சுட்டும் இணைப்பு) கொடுக்க முடியாதே. 18இல் பீரியட் போட்டு, காலத்தையும் சேர்த்து ஃபாரின் கீ எழுத வித்தவுட் ஓவர்லாப்ஸ் உள்ள கீதான் வேண்டும். இரண்டுக்கும் தனி வேலை.

தொண்டி_வல்லம்: சரி, வேர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். &&ஐ ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மண்டபம்_கரை: சேர்க்கும்போதே பழைய பதிவு மோதியது. 7ஆம் இடம், ஏப்ரல் 20, இரண்டு படகு. ஒருவருக்கு போன் போட்டு 9க்கு மாற்றிவிட்டேன். இழுக்க வின்ச் ஒன்றுதான், அதனால் '[]' வைத்தேன். நன்றி அண்ணே.