ஷாக் அப்சார்பருக்கு நைட்ரஜன் நிரப்பித் தரும் பட்டறை தேவை

வணக்கம். காரைக்குடியில் வைத்திருக்கும் என் 2004 மாடல் மாருதி எஸ்டீம் காரைக் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே தயார் செய்திருக்கிறேன். அதன் பின்பக்க இடது ஷாக் அப்சார்பர் சூடேறியதும் செயலிழந்துவிடுகிறது.

தை மாதம் பொருத்தியது, ஆடியிலிருந்து தொல்லை. ஒற்றைக் குழாய் வகை, அதாவது ஒரே குழாய்க்குள் எண்ணெயும் அழுத்தத்திலுள்ள நைட்ரஜன் வாயுவும் இருக்கும். ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் மீண்டும் நீளும்போது தரும் தடையை) மட்டும் திருகி மாற்றலாம். முதல் சில சுற்றுகள் பிடிப்பாக ஓடும் கார், பிறகு வளைவிலுள்ள மேடுபள்ளங்களில் பின்புறம் துள்ளி விலகுகிறது. இரவு முழுவதும் ஆறவிட்டால் ஓரளவு சரியாகிவிடுகிறது.

இடது, வலது ஷாக்குகளை மாற்றிப் பொருத்தியபோது தொல்லையும் வலப்பக்கம் போனதால், ஸ்பிரிங்கையோ மேல் மவுன்ட்டையோ சந்தேகிக்க இடமில்லை. புஷ்களும் புதியவை. கழற்றி மேசையில் வைத்துக் கையால் அமுக்கினால், நல்ல ஷாக்கின் தண்டு தானாக வெளியே வருகிறது. இதன் தண்டோ பாதியில் நின்று, 'களக் களக்' என்று சத்தமிடுகிறது. ரீபவுண்ட் திருகை முழுவதும் இறுக்கியும் மாற்றமில்லை. வெளியே ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவும் இல்லாததால், உள்ளே எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் மிதக்கும் பிஸ்டனின் சீல் தேய்ந்து, வாயு எண்ணெயில் கலந்து நுரைக்கிறது என்றே கருதுகிறேன்.

நூறடி சாலை டயர் கடைகளில் நைட்ரஜன் உண்டு. ஆனால் டயருக்கான 35 பிஎஸ்ஐ அழுத்தம் இதற்குப் போதாது. விற்றவரோ புதிதாக வாங்கச் சொல்கிறார், அதற்கு இப்போது வசதியில்லை.

சீல் மாற்றி, எண்ணெயைக் காற்றுக்குமிழியின்றி நிரப்பி, உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் ஏற்றி, டைனோவில் (ஷாக்கின் தடை விசையை அளக்கும் கருவியில்) சோதித்தும் தரும் பட்டறை மதுரை, திருச்சி, கோவைப் பக்கம் எங்கே இருக்கிறது?