ஒரே மார்க்டவுன் கோப்பு, மூன்று இடத்தில் மூன்று மாதிரி

மன்னார்குடி வரப்பு:
சித்தப்பா சொல்லச் சொல்ல நெல் ரகங்களைப் பற்றி போனிலேயே மார்க்டவுனில் (நட்சத்திரம், கோடு போன்ற குறிகளை வைத்தே தடித்த எழுத்தும் பட்டியலும் காட்டும் எழுத்து முறை) குறித்து வைத்திருக்கிறேன், தூயமல்லி, மாப்பிள்ளை சம்பா, கருங்குறுவை என்று நாற்பது பக்கம் தேறும். போனில் பட்டியல் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. அதையே எங்கள் குழுவின் தளத்தில் ஏற்றினால் உள்பட்டியல்கள் வெளியே வந்து மேல்பட்டியலோடு ஒரே வரிசையில் நிற்கின்றன, கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் பாண்டாக் நிரலில் பிடிஎஃப் எடுத்தால் சில பட்டியல்கள் பத்தியோடு ஒட்டிப்போகின்றன. போதாக்குறைக்கு போனில் **"குறுவை"**யில் என்று தடித்த எழுத்து கேட்ட இடத்தில் நட்சத்திரம் அப்படியே நிற்கிறது. தப்பு என் மேலா?

குடமுருட்டி:
உங்கள் மேல் இல்லை. மார்க்டவுனை உருவாக்கிய ஜான் க்ரூபர் 2004இல் அதை வெளியிட்டபோது ஒரு விளக்கமும் பெர்ல் மொழியில் ஒரு நிரலும்தான் கொடுத்தார், அதில் தெளிவாகச் சொல்லாததை எல்லாம் பின்னால் வந்தவர்கள் அவரவருக்குத் தோன்றியபடி முடிவு செய்துகொண்டார்கள். 2014இல் காமன்மார்க் என்ற பொது வரையறை வந்து விதிகளை எழுதி வைத்தது, ஆனால் எல்லோரும் அதற்கு மாறவில்லை. உள்பட்டியலுக்கு பைத்தான்-மார்க்டவுன் என்ற நிரல் நான்கு இடைவெளி கேட்கும், காமன்மார்க்குக்கு மேல்வரியின் எழுத்துக்கு நேராக வந்தாலே போதும், அதாவது கோடு போட்ட பட்டியலில் இரண்டு. நான்காகவே விடுங்கள், இரண்டிலும் ஓடும். பாண்டாக்குக்குப் பட்டியலுக்கு முன்னால் ஒரு காலி வரி வேண்டும்.

அரிசிலாற்றங்கரை:
நட்சத்திரச் சங்கதி நம் வேற்றுமை உருபால் வருகிற வினை. மூடுகிற நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால் காமன்மார்க் அதை மூடும் குறியாகவே எடுத்துக்கொள்ளாது. ஆங்கிலத்தில் மேற்கோள் முடிந்ததும் பெரும்பாலும் இடைவெளி வந்துவிடும், நமக்கு "யில்" ஒட்டிக்கொண்டுதானே வரும்? சீன, ஜப்பானிய மொழிக்காரர்களுக்கும் இதே தலைவலி. மேற்கோளை வெளியே தள்ளி "**குறுவை**"யில் என்று எழுதிப் பாருங்கள். நட்சத்திரத்துக்குப் பதில் அடிக்கோடு போடலாமே என்று மட்டும் போகாதீர்கள், சொல்லுக்கு நடுவே காமன்மார்க்கில் அது எடுபடாது.

மன்னார்குடி வரப்பு:
எல்லாம் சரியாகிவிட்டது அண்ணே. இன்னொன்று, மேட்டூர் திறக்கும் தேதியை வரி தொடக்கத்தில் "12. ஜூன்" என்று எழுதியிருந்தேன், தளத்தில் அது "1. ஜூன்" ஆகிவிட்டது!

குடமுருட்டி:
எண்ணும் புள்ளியும் வந்தால் பட்டியல் என்று நினைத்துக்கொள்ளும், பழைய மார்க்டவுன் எந்த எண் கொடுத்தாலும் 1இல்தான் தொடங்கும். 12\. என்று புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போடுங்கள், க்ரூபரின் முதல் விளக்கத்திலேயே இந்த வழி இருக்கிறது. தேதி நின்றுவிடும், அன்றைக்குத் தண்ணீர் வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.