மறு: மறு: தோலுக்கான அக்ரிலிக்குக்கு என்ன சொல்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம். தோல் பை, பணப்பை, இடுப்புவார் ஆகியவற்றில் ஓவியம் தீட்டும் வகுப்புக்குக் கையேடு ஒன்று தயாராகிறது. வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். காகிதத்துக்கும் பலகைக்குமான சாதாரண அக்ரிலிக் வண்ணம், தோல் மடியும் இடத்தில் வெடித்துவிடுகிறது. தோலுக்கென்றே வருவதில், நிறத்தூளைப் பிடித்து நிறுத்தும் பிசின் மென்மையானது, தோலோடு சேர்ந்து வளையும். இந்த இரண்டாம் வகைக்குப் பெயர் வேண்டும். வரைவில் ‘தோல் வண்ணம்’ என்றிருக்கிறது.

மடல் 2

‘தோல் வண்ணம்’ என்றால் உடம்பின் நிறம் என்றுதான் மாணவர் படிப்பார். ‘தோல் சாயம்’ அதைவிடத் தவறு. சாயம் நாருக்குள் இறங்கும். அக்ரிலிக் மேலே படலமாக நிற்கும். கையேட்டின் முதல் பாடமே அதுதானே? ‘நெகிழ்வண்ணம்’ எனலாம்.

மடல் 3

நெகிழ்தல் என்றால் கட்டுத் தளர்தல். அகப்பாடல்களில் பிரிவால் மெலிந்த தலைவியின் வளை நெகிழும். பூச்சு நெகிழ்ந்தது என்றால் கழன்றுவிட்டது என்றே பொருள்படும். ‘நெகிழி’யை வேறு பிளாஸ்டிக்குக்குக் கொடுத்துவிட்டோம்.

தோலுக்கு ‘அதள்’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. ‘அதள்வண்ணம்’ என்றால் உடல்நிறக் குழப்பம் தீரும். யாழின் மேல் போர்த்த தோலைப் பொருநராற்றுப்படை ‘பச்சை’ என்கிறது. பச்சைத்தோல், பச்சைப்புண் என்று இன்றும் வழங்குவதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் நீண்ட ஆய்வுக்கே இடமுண்டு.

மடல் 4

ஐயா, ‘பச்சை’ ஆய்வைத் தனி இழையில் தொடர்வோம். வண்ணப் பாடத்தில் அந்தச் சொல் வந்தால் பெருங்குழப்பம். ‘அதள்’ அழகுதான், ஆனால் அகராதியைப் புரட்டிக்கொண்டு யாரும் தூரிகை பிடிக்க மாட்டார்கள்.

பெயர் வைக்குமுன் பொருளைப் பார்ப்போம். குப்பியில் எழுதியிருப்பதை நம்பாமல் கழிவுத்தோல் துண்டில் சோதிப்பதே வழக்கம். முதலில் தோலின் மேல்மெருகை அசிட்டோன் நனைத்த பஞ்சால், பளபளப்பு மங்கும்வரை துடைக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் தீ கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அது முத்தாக உருண்டு நின்றால் மெருகு இன்னும் போகவில்லை. பிறகு மெல்லிய பூச்சாக மூன்று, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. ஒரு நாள் விட்டு, பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி அதே கோட்டில் இருபது தடவை மடியுங்கள். கோட்டில் மயிரிழை வெடிப்பு கண்டால் வண்ணம் கடினமானது, அல்லது பூச்சு தடித்துவிட்டது. வெடிக்காமல் தகடாக உரிந்தால் குற்றம் வண்ணத்தில் இல்லை, துடைத்ததில். தண்ணீர் அதிகம் கலந்திருந்தால் பிசின் வலுவிழந்து, விரலில் பொடி ஒட்டும்.

ஆக, சொல் இந்த மடிப்புச் சோதனையைச் சுட்டினால் நல்லது.

மடல் 5

‘குழைவண்ணம்’? இல்லையென்றால் ‘ஒசி’ என்ற வினையடி?

மடல் 3-இன் அன்பர், மறுபடி

ஒசிதலுக்கு வளைதல், ஒடிதல் இரண்டும் பொருள். தவிர்க்க வந்த கேட்டையே பெயராக்க வேண்டாம். குழைவும் ஆகாது, வண்ணம் குழைத்தல் என்றால் கலத்தல்.

மடல் 6

இடிதாங்கி, சுமைதாங்கி போல ‘வளைதாங்கி’. கேட்டதும் புரியும்.

மடல் 7

கேட்டதும் வளையல் மாட்டும் தண்டுதான் நினைவுக்கு வரும்! ‘மடிப்புதாங்கி அக்ரிலிக்’ எனலாமே.

மடல் 8

‘மடிப்புத்தாங்கி’. மடிப்பு வன்தொடர்க் குற்றியலுகரம், வலி மிகும், அதாவது நடுவே ‘த்’ வரும்.

மடல் 3-இன் அன்பர்

மடிப்பைத் தாங்குவது இரண்டாம் வேற்றுமைத் தொகை, அதில் ஒற்று மிகாது. சுமைதாங்கியில் மிகவில்லையே?

மடல் 8

சுமை ஐகார ஈறு, குற்றியலுகரம் அல்ல. அந்த ஒப்புமை இங்கே செல்லாது.

மடல் 4

ஒற்று எப்படியும் போகட்டும், ஒரு தடை சொல்ல வேண்டும். மென்மை மட்டுமே நன்மை அன்று. பிசின் மிக மென்மையானால் காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும். பணப்பையை மூடி வைத்தால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் மேலே காப்புப்பூச்சு ஒன்று தருகிறோம். விறைப்பான பெட்டி மூடிக்குச் சாதாரண அக்ரிலிக்கே தாங்கும். சாதாரண வண்ணத்திலும் நெகிழ்வூட்டும் ஊடகம் (வண்ணத்தோடு சேர்க்கும் கலவைப்பொருள்) கலந்து மடிப்பைத் தாங்கச் செய்யலாம். எனவே ‘மடிப்புத்தாங்கி’ ஒரு சரக்கின் பெயராக இல்லாமல் ஒரு பண்பின் பெயராக இருக்க வேண்டும். ‘மடிப்புத்தாங்கு அக்ரிலிக்’ என்று அடைமொழியாக்கினால் இரண்டுக்கும் பொருந்தும்.

மடல் 1

நன்றி. ஐந்து பேர் ‘மடிப்புத்தாங்கு’ பக்கம். ஒற்றுடன் அச்சிடுகிறேன். முதல்முறை வரும் இடத்தில் ‘தோலோடு வளைந்தும் வெடிக்காத அக்ரிலிக்’ என்ற விளக்கமும், துடைப்பிலிருந்து இருபது மடிப்பு வரையான சோதனையும் சேர்கின்றன.

மடல் 3-இன் அன்பர்

அச்சிடுங்கள். ‘அதள்’ சொல்லடைவில் ஓர் ஓரத்திலாவது இருக்கட்டும். ஒற்று பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது.