பத்து நிமிடத்தில் தானாக நின்று மீண்டும் தொடங்கும் ஆர்கேட் போர்டு: பவர் சப்ளைதான் காரணமா?

செந்தூல் வாசி, கோலாலம்பூர்:
வணக்கம். என் மாமாவின் காப்பிக் கடையில் முன்பு ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு இயந்திரம் இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஜாம்மா (ஆர்கேட் போர்டுகளுக்கான பொது வயரிங் தரம்) முறையில் இணைக்கப்படும் அதன் போர்டு முதல் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு திரை கலங்கி, ஆட்டம் முதலிலிருந்து தொடங்குகிறது. ஜாலான் பாசாரில் புதிய பவர் சப்ளை வாங்கி மாற்றியும் பயனில்லை. அதன் முனைகளில் அளந்தால் 5.02 வோல்ட் சரியாக வருகிறது. அதிலுள்ள சிறிய திருகைத் திருப்பி வோல்டேஜை உயர்த்திப் பார்க்கலாமா?

ஜார்ஜ்டவுன் பழுதுபார்ப்பவர், பினாங்கு:
தம்பி, திருகை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் அளந்தது சப்ளை வெளியே அனுப்பும் அளவு. போர்டுக்கு என்ன போய்ச் சேருகிறது என்பதல்லவா நமக்குத் தெரிய வேண்டும்? ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, போர்டில் உள்ள 14 கால் கொண்ட 74 வரிசைச் சில்லு (எண் 74 எனத் தொடங்கும் சில்லு) ஒன்றில் 7ஆம் காலுக்கும் 14ஆம் காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அந்த வரிசையில் பெரும்பாலான சில்லுகளுக்கு அவைதாம் கிரவுண்டும் 5 வோல்ட்டும். அங்கே 4.75க்குக் கீழே இருந்தால், சில்லுகள் தடுமாறுவதில் வியப்பில்லை.

வழியில் வோல்டேஜ் தொலைவதற்குப் பெரிய பழுது எதுவும் தேவையில்லை. போர்டு 4 ஆம்பியர் இழுக்கும்போது, கனெக்டரிலும் வயரிலும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே 0.4 வோல்ட் போய்விடும். சூடேறச் சூடேறத் தொடுமுனையின் பிடி தளர்ந்து தடை கூடுவதால்தான், இத்தகைய பழுது பத்து நிமிடம் கழித்துத் தலைகாட்டும். ஆகவே, மீட்டரின் ஒரு முனையைச் சப்ளையின் 5 வோல்ட்டிலும் மற்றொன்றைச் சில்லின் 14ஆம் காலிலும் வைத்து இழப்பை அளந்துவிட்டு, கிரவுண்டு பக்கமும் அதையே செய்யுங்கள். பலர் கிரவுண்டை மறந்துவிடுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் நண்பர், கோலாலம்பூர்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் வயர் நீளமாக இருந்தால் திருகைச் சற்றே கூட்டுவது குற்றமன்று. போர்டில் 5 வோல்ட் வரும்வரை மட்டும், மீட்டரைப் பார்த்தபடியே கூட்ட வேண்டும். பழைய சப்ளையை எறிவதற்கு முன் அதன் 5 வோல்ட் முனையில் மீட்டரை ஏசி அளவில் வைத்துப் பாருங்கள். அலைவு தென்பட்டால், வெளியீட்டுப் பக்கக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கக்கூடும். நமது 230 வோல்ட் மின்சாரத்தில் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 325 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும் என்பதால், பிளக்கைப் பிடுங்கிய கையோடு உள்ளே விரல் வைக்காதீர்கள்.

செந்தூல் வாசி:
அளந்தேன். சப்ளையில் 5.02, சில்லில் 4.58. இழந்த 0.44 வோல்ட்டில் 0.31 நேர்மின் பக்கமும் 0.13 கிரவுண்டு பக்கமும் போயிருக்கின்றன. கனெக்டரைக் கழற்றினால் 3ஆம் முனையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பழுப்பேறிக் கிடக்கிறது. ஆல்கஹாலால் துடைத்தால் போதுமா?

ஜார்ஜ்டவுன் பழுதுபார்ப்பவர்:
போர்டின் விளிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்; கருகிய கனெக்டரை மட்டும் காப்பாற்ற முயலாதீர்கள், 56 முனைக் கனெக்டர் புதிதாகவே கிடைக்கும். 5 வோல்ட்டுக்கு ஒரே முனையை நம்பாமல், பாகங்கள் உள்ள பக்கத்தில் 3, 4 ஆகியவற்றுக்கும் ஈயம் வைத்த பக்கத்தில் சி, டி ஆகியவற்றுக்கும் தனித்தனி வயர் இழுங்கள். யாரோ சிக்கனம் பார்த்து ஒரே வயரில் முடித்திருப்பார்கள். கடை இயந்திரங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நல்லவேளை, திருகை நீங்கள் தொடவில்லை: இழப்பை ஈடுகட்ட 5.45 வரை ஏற்றிவிட்டுப் பிறகு கனெக்டரை மாற்றியிருந்தால், அந்த வோல்டேஜ் ஏறக்குறைய முழுவதுமாகப் போர்டில் இறங்கியிருக்கும்.

செந்தூல் வாசி:
கனெக்டரும் வயர்களும் மாற்றியாயிற்று. சில்லில் 4.93 வருகிறது. நேற்று மாலை மூன்று மணி நேரம் ஓடியும் ஒருமுறைகூட நிற்கவில்லை. திருகு இருந்த இடத்திலேயே இருக்கிறது.