புதுப்பிப்பு: நிலவியல் (ஜியாலஜி) வீடியோ பாடம் 4-வது வீடியோவோடு நின்றது, இப்போது நகர்கிறது

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: வணிகவியல் படித்த நான், கடலூரில் இருந்தபடி என்பிடெல் (ஐஐடி-கள் நடத்தும் இணைய வீடியோ பாடத் தளம்) நிலவியல் பாடம் பார்க்கிறேன். பார்க்கும்போது புரிகிறது, மறுநாள் மனதில் எதுவும் தங்குவதில்லை.

கைகொடுத்தது, "முதலில் பதினோராம் வகுப்பு புவியியல் பாடநூலில் பாறைக்கோளம் படிங்க" என்ற யோசனைதான். பிடிஎஃப் இலவசம். பிறகு வீடியோவை 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பார்க்காமல் மூன்று வரி எழுத வேண்டும். நோட்டில் மூன்று கட்டம்: சாண்ட்ஸ்டோன், மணற்கல், கேப்பர் மலை. அதாவது ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், நம் பக்கத்து உதாரணம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்கள்.

1.5 வேகம் வேண்டாம். படம் வரைந்து விளக்கும் இடத்தில் கை பின்தங்கிவிடும்.

எதிர்பாராத உதவி திருவக்கரை கல்மரப் பூங்கா. புதுச்சேரியிலிருந்து போய்வரும் தூரம்தான். அங்குள்ளவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள், கேப்பர் மலையில் உள்ள அதே கடலூர் மணற்கல் பாறை அடுக்கில். மரம் இறுகிக் கல்லானது என்று நினைப்பது தவறு. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலில் உள்ள கனிமம்) மரத்திசுவுக்குள் ஊறி அதன் இடத்தைப் பிடித்தது. அதனால்தான் மர இழை இன்னும் அப்படியே தெரிகிறது.

தேடும்போது 'புவியியல்' என்று போட்டால் ஜியாக்ரஃபிதான் வரும், 'நிலவியல்' என்று போடுங்கள். பாடம் பார்க்கக் கட்டணமில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே பணம்.