கழிவுநீர்ல மருந்து தேடுறதா, கிருமியக் கொல்ற பெப்டைடா? ப்ராஜெக்ட் குழப்பம்

மைக்ரோ_பவானி:
எல்லாருக்கும் வணக்கம். ஹைதராபாத்ல எம்.எஸ்சி மைக்ரோபயாலஜி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். ஒரு லேப்ல கழிவுநீர்ல ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்குன்னு எல்சி-எம்எஸ்ல (கலவையப் பிரிச்சு, எடைய வச்சு பொருள அளக்கிற மெஷின்) பாக்குறாங்க, இன்னொரு லேப்ல கிருமியக் கொல்ற பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) டிசைன், ரெண்டுலயும் இடம் இருக்கு. மொத லேப்ல ஒரு வாரம் செஞ்சு பாத்தேன், முறை சரியான்னு பாக்க நானே கலந்து விட்ட சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக்ல 30 சதவீதம்கூட திரும்பி வரல, மனசே விட்டுப்போச்சு. பெப்டைடுக்கு ரெசிஸ்டன்ஸே (கிருமி மருந்துக்கு அடங்காம போறது) வராதுன்னு சீனியர் அக்கா சொல்றாங்க, அது நிஜமா? எதை எடுக்கலாம்?

லேப்காரன்_குமார்:
தங்கச்சி, தண்ணியிலேர்ந்து மருந்தப் புடிச்சு வைக்கிற கேட்ரிட்ஜ்ல ஏத்துறதுக்கு முன்னாடி ஈடிடிஏ (உலோகத்தக் கட்டிப் போடுற கெமிக்கல்) போட்டியா? சிப்ரோ கால்சியம், மெக்னீசியம், இரும்பு எதைக் கண்டாலும் கட்டிப் புடிச்சுக்கும், அப்புறம் கேட்ரிட்ஜ்ல நிக்காது. கசடுலயும் ஒட்டிக்கும், அதனால தண்ணிய வடிகட்டிட்டு வடிகட்டின தாளத் தூக்கிப் போட்டா பாதி மருந்து அதோடயே போயிருக்கும். வெளிச்சம் பட்டாலும் சிதையும், பாட்டில மூடி இருட்டுல ஐஸ்ல வை. இன்னொண்ணு, மருந்து நிஜமாவே போச்சா இல்ல அழுக்கு சேந்து மெஷின்ல சிக்னல அமுக்குதான்னு மொதல்ல பிரிச்சுப் பாரு. எக்ஸ்ட்ராக்‌ஷன் முடிஞ்ச சாம்பிள்ல கொஞ்சம் சிப்ரோ விட்டு ஓட்டு, அதுவும் கம்மியா வந்தா சிக்னல்தான் பிரச்சனை. டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) போட்ட சிப்ரோவ, அதாவது ஒப்பிட்டுப் பாக்குற ஸ்டாண்டர்ட, எக்ஸ்ட்ராக்‌ஷனுக்கு முன்னாடியே சேத்துடு.

மஞ்சீரா_கரை:
நீ இருக்கிற ஊர் பக்கத்துலயே பட்டஞ்செரு இருக்கும்மா. அங்க சுமார் 90 மருந்து கம்பெனிகளோட கழிவுநீர சுத்தம் பண்ணி வெளிய விட்ட தண்ணியிலயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோ இருந்ததா ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் யோவாகிம் லார்சன் குழு 2007ல எழுதினாங்க. மாத்திரை போட்டவங்க ரத்தத்துல இருக்கிறதவிட அது அதிகம். ஒரு நாளைக்குப் போற சிப்ரோ மட்டும் சுமார் 45 கிலோன்னு கணக்குப் போட்டாங்க, அது மொத்த ஸ்வீடனும் அஞ்சு நாள் சாப்பிடுற அளவு! அவங்களும் எல்சி-எம்எஸ் வச்சுத்தான் கண்டுபுடிச்சாங்க. அளந்து நம்பரா வச்சதாலதான் உலகமே திரும்பிப் பாத்துச்சு, அதனால இத சின்ன வேலைன்னு நெனைக்காத.

பெப்டைடு_செல்வி:
ரெசிஸ்டன்ஸே வராதுங்கிறது தப்புப்பா. பெப்டைடு பாக்டீரியாவோட மெம்பரேன (மேல்சவ்வ) கிழிக்கிறதால மெதுவா வரும், அவ்வளவுதான். கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாடிக்கும் பெப்டைடுதான், பன்னிக்கும் கோழிக்கும் அள்ளிக் கொடுத்தாங்க, 2015ல சீனாவுல அதுக்கு ரெசிஸ்டன்ஸ் தர்ற எம்சிஆர்-1 ஜீன் வெளிய தெரிஞ்சுது, அது பிளாஸ்மிட்ல (பாக்டீரியாவுல தனியா இருக்கிற குட்டி டிஎன்ஏ வளையம்) ஏறி ஒரு பாக்டீரியாவுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவும். நம்ம நாட்டுல 2019லதான் கால்நடைக்குக் கொலிஸ்டின் கொடுக்கத் தடை வந்துச்சு. தவளைத் தோல்லேர்ந்து ஸாஸ்லாஃப்ங்கிற ஆராய்ச்சியாளர் 1987ல மகைனின்ங்கிற பெப்டைட எடுத்தார், அதுலேர்ந்து செஞ்ச பெக்சிகனான்ங்கிற மருந்துக்கு அமெரிக்காவுல 1999ல அனுமதி கிடைக்கல. பெப்டைட ட்ரிப்சின்ங்கிற செரிமான என்சைம் வெட்டிடும், அது நம்ம ரத்தச் சிவப்பணுவ உடைக்குதான்னு பாக்கணும், செய்யவும் செலவு அதிகம். எம்ஐசி (கிருமி வளராம தடுக்கத் தேவையான குறைஞ்ச அளவு) போடும்போது பாலிஸ்டைரீன் தட்டு வேண்டாம், பெப்டைடு அதுலயே ஒட்டிக்கும், பாலிப்ரொப்பிலீன் வாங்கு. எனக்கு ஆறு மாசம் போனதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.

மைக்ரோ_பவானி:
ரொம்ப நன்றி. குமார் அண்ணா, ஈடிடிஏ போடவே இல்ல, வடிகட்டின தாளையும் குப்பையில போட்டுட்டேன். கழிவுநீரே எடுக்கிறேன். செல்வி அக்கா, அதே தண்ணியில வளர்ற பாக்டீரியாவ எடுத்து வச்சா உங்க பெப்டைடுக்கு எம்ஐசி போட்டுப் பாக்கலாமா?

பெப்டைடு_செல்வி:
தாராளமா. ஒவ்வொண்ணையும் கிளிசரால் போட்டு மைனஸ் 80 டிகிரில வை, எடுத்த எடமும் தேதியும் மறக்காம எழுது.